பதினெட்டாம் பங்கு

ஸ்ரீவைகுண்டத்து அணைக்குக் கீழே தென்கால் வாய்க்கால் பிரிந்து ஓடுகிற கரையில், பனையோலை வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. ஊரில் அதற்குப் பிள்ளைக்கொட்டகை என்று பேர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இருபது பிள்ளைகளுக்குக் குறையாது. தவழ்கிறது, தத்துகிறது, ஓடுகிறது, ஓடிப்போய் வாய்க்காலில் விழப் பார்க்கிறது என்று நாலு ரகம். இந்த நாலையும் கட்டி மேய்க்கிற பொறுப்பு ஜெபகனியுடையது.

ஜெபகனி, வேதக்கோயில் உபதேசியார் சத்தியநேசனின் மனைவி. நாற்பதைத் தாண்டியவள். இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். அந்தத் துக்கத்தை அவள் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. ஆனால் கொட்டகையில் ஒரு பிள்ளை இருமினால் இவள் ஓடிப்போய் அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பாள். அதை வைத்து ஊர்ப் பெண்கள் தெரிந்துகொண்டார்கள்.

கொட்டகையை ஆரம்பித்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவள் சீமைக்குத் திரும்பிப் போன பிறகும், அங்கே நாலைந்து சீமாட்டிகள் துணியில் பூப்போட்டு விற்று மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது பாளையங்கோட்டை மிஷன் ஆபீஸ் வழியாக வரும். பிள்ளைகளுக்குக் காலையில் ஆளுக்கொரு கரண்டி பால், மத்தியானம் சிறுபயறு போட்ட கஞ்சி, சனிக்கிழமை என்றால் கடித்துக்கொள்ள உடன்குடிக் கருப்பட்டி ஒரு சில்லு. தின்று கொழுத்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், பிள்ளைகளின் கன்னத்தில் கிள்ளுவதற்குக் கொஞ்சம் சதை இருந்தது.

அப்புறம் சீமையில் சண்டை வந்தது. எங்கோ இரண்டு ராஜாக்கள் முறைத்துக்கொண்டதற்கு ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளைகளின் சிறுபயறு என்ன பாவம் செய்தது என்று கேட்கக்கூடாது. முதலில் போனது அதுதான். அடுத்த மாதம் கருப்பட்டி நின்றது. அதற்கடுத்துப் பால். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல்தான் பணத்தை வழியில் மறித்து வாங்கிக்கொண்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கூட இருந்த ஆயா சாலோமிக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், அவள் அழுதுகொண்டே மகள் வீட்டுக்கு மூட்டை கட்டினாள். ஒரு வருஷம் இப்படியே இழுத்துப் பறித்து, கடைசியில் அந்த ஐப்பசியில் மேலிடத்து உத்தரவு வந்தது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மட்டும் கொட்டகையைத் திறந்தால் போதும்.

உத்தரவு போட்டவர்களுக்கு அது சிக்கனமாகத் தெரிந்திருக்கும். மூன்று நாள் பசித்து மூன்று நாள் பசிக்காமல் இருக்கிற வயிறு எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது? ஐப்பசியோ பிசானப் பருவத்து நடவு மும்முரமாக நடக்கிற மாதம். செவ்வாயும் வியாழனும் நாற்றுக்குத் தெரியுமா?

பிள்ளைகள் மாறிப்போனார்கள். தாய் இடுப்பிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குகிற பிள்ளைகள், இப்போது தாயின் முந்தானையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறின. தூங்கப் போட்டால் அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஜெபகனியின் சேலை நுனி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தன. எல்லாரிலும் அதிகமாக மாறிப்போனது கோமுதான்.

கோமு, சுடலைவடிவின் மகள். ஐந்து வயது நடக்கிறது. தகப்பன் கொழும்புத் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருஷமாகத் கடிதம் தாக்கல் இல்லை. போகும்போது வயிற்றில் விட்டுவிட்டுப் போன பிள்ளைதான் இசக்கிமுத்து. நடக்க இன்னும் கால் ஊன்றவில்லை, ஆனால் தவழ்கிற வேகத்தைப் பார்த்தால் நண்டு தோற்றுப்போகும். கோமு முன்னெல்லாம் வந்ததும் வராததுமாகக் கூழாங்கல் பொறுக்கப் போய்விடுவாள். வாரம் மூன்று நாள் என்று ஆன பிறகு அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் நேரே அரிசிப் பானைக்குப் போவாள். குதிகாலை எக்கி, கையை உள்ளே விடுவாள். அரிசி எங்கே தட்டுப்படுகிறது என்று பார்த்துக்கொள்வாள். மணிக்கட்டில் தட்டுப்பட்டால் முகம் தெளியும். முழங்கை வரை போனால் அன்றைக்கு முழுக்க விளையாட மாட்டாள். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பானையில் கையை விடாதே என்று முதல் நாள் ஜெபகனி அதட்டினாள். மறுநாள் அதட்டவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை வீட்டு ஆம்பிளை மாதிரி அரிசி விசாரம் படுவதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஒரு புதன்கிழமை காலை சுடலைவடிவு இசக்கிமுத்தைத் தூங்கினபடியே கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போனாள். மழைக் குளிருக்குத் தூங்குகிறான் என்றுதான் ஜெபகனி நினைத்தாள். கஞ்சி கொதித்து இறக்கியாயிற்று, மற்றப் பிள்ளைகள் குடித்தும் ஆயிற்று, இவன் எழுந்திருக்கவில்லை. தூக்கினால் தலை தொங்குகிறது. உதடு வெளுத்திருக்கிறது. உள்ளங்காலைச் சுண்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் மேலும் கீழும் நடந்தாள். கோமு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வெயில் மேற்கே இறங்கின பிறகுதான் பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தது. அதுவரை ஜெபகனி எத்தனை ஜெபம் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் சுடலைவடிவு வந்தாள். முழங்கால் மட்டும் சேறு. ஜெபகனி பிள்ளையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏளா வடிவு, பிள்ளைக்கு நேத்து என்னத்தக் கொடுத்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அபினிதாம்மா. தாய்ப்பால்ல ஒரசி நாக்குல தடவினேன். குன்னிமுத்துல கால்வாசி கூட இருக்காது."

"செத்துல்லா போவான்."

"முழிச்சிக் கெடந்தா தவந்து போயி வாய்க்கால்ல விழுந்து சாவான். போன வாரம் கோமுதான் கால்ல பிடிச்சு இழுத்துப் போட்டிருக்கா. அவளும் சின்னக் குட்டி, கண்ணு அசந்துட்டான்னா? தூங்கிக் கெடந்தா பொழைச்சாலும் பொழைப்பான். ரெண்டுல நான் எதன்னு பாக்க?" முழங்காலில் இருந்த சேற்றை வழித்து உதறினாள். "தினமும் நீங்க தொறந்திருந்தா, அந்தச் சவத்த நான் ஏம்மா காசு குடுத்து வாங்குதேன்?"

ஜெபகனி பிள்ளையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைக் கிளறினாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து கடிதம் வந்தது. சத்தியநேசன் அதை நின்றுகொண்டே படித்தார். சீமையிலிருந்து இனிப் பணத்தை எதிர்பார்ப்பதற்கில்லை, கடிதம் கண்டதும் கொட்டகையை மூடிச் சாவியை அனுப்பிவிட வேண்டும், ஜெபகனிக்குப் பாளையங்கோட்டை விடுதி அடுப்படியில் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. சத்தியநேசன் நல்ல மனுஷன்தான். ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் அவருக்கு வேதத்துக்கு அடுத்தபடி. நாளைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்தப் பெண்கள் ஏமாறக்கூடாது, இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

ஜெபகனி குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நிலக்காரர் பூதலிங்கம் பிள்ளை வயலில் நடவு. வானம் இறங்கி வந்து வாழைத் தோட்டத்தின் தலையில் உட்கார்ந்த மாதிரி இருட்டு; தூறல் விடவில்லை. பதினேழு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்து வந்தார்கள். வரப்பில் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து, அதன் கீழே பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றன. இசக்கிமுத்து தூங்கினான். கோமு ஒரு பூவரச இலையால் அவன் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது குனிந்து அவன் மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள் என்பது புரிந்தபோது ஜெபகனி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். அல்லது நல்லதைச் செய்தாள்; கேட்கிறவர்கள் தீர்த்துக்கொள்ளலாம்.

நடவு வயல் வரப்பில் வெளியாள் யாராவது வந்தால், நடுகிற பெண்கள் நாற்றைக் கட்டின ஒரு முடியை எடுத்து அவர் காலடியில் வைத்துக் குலவை போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வந்தவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் முடியைத் தாண்ட வேண்டும். வெற்றிலைக்குக் காலணாக் கொடுத்தாலும் சரி, ஒன்றும் கொடுக்காமல் தாண்டினால் நட்ட பயிர் வேர் பிடிக்காது என்பார்கள். ஜமீன்தாரானாலும் தாசில்தாரானாலும் இதில் விலக்கு இல்லை. வெள்ளைச் சேலையும் குடையுமாக யாரோ வருவதைக் கடைசியில் நின்ற ஒருத்தி பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நாற்றுமுடி வந்து ஜெபகனியின் காலடியில் பொத்தென்று விழுந்தது. பதினேழு பேரும் நிமிர்ந்து குலவை போட்டார்கள். போட்ட பிறகுதான் வந்தது யாரென்று தெரிந்து சிரித்தார்கள்.

நடவுக் கூட்டத்துக்குத் தலைவி ஆவுடைத்தாய். கறுப்பாக, வாட்டசாட்டமாக இருப்பாள்; அவள் பேரப்பிள்ளைகள் இரண்டு கொட்டகையில் உண்டு. "உபதேசியாரம்மா ஆனாலும் முடி முடிதான். என்னமாவது குடுத்துட்டுத் தாண்டுங்க" என்றாள்.

ஜெபகனியின் மடியில் காசு இல்லை. காதிலும் கழுத்திலும் கழற்றிக் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கொண்டுவந்தது ஒரு சேதி. அதைக் கொடுப்பதா? சேற்றுக் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற இந்தப் பெண்களுக்கு, குலவை போட்டு வாங்கிக்கொள்ள நீட்டின கையில், கொட்டகையை மூடியாயிற்று என்பதையா வைப்பது? அவள் தென்னங்கீற்றுப் பக்கம் பார்த்தாள். கோமு மறுபடியும் குனிந்து தம்பியின் மூக்கருகில் கன்னத்தை வைத்தாள்.

"கையில ஒண்ணுமில்ல தாயி" என்றாள் ஜெபகனி. "ஒரு சொல்லுதான் இருக்கு. நாளையிலேருந்து நடவு முடியுத மட்டும் தினமும் கொட்டகை தொறந்திருக்கும். செவ்வாய், வியாழன்னு ஒண்ணும் கெடையாது. பிள்ளைகள வெள்ளன கொண்டாந்து விட்டுருங்க."

சொல்லிவிட்டு நாற்றுமுடியைத் தாண்டி, பிள்ளைகள் பக்கம் போய், இசக்கிமுத்தைத் தூக்கிக்கொண்டாள். பின்னால் எழுந்த குலவை வாய்க்கால் தாண்டிக் கேட்டது. சுடலைவடிவு மட்டும் குலவை போடவில்லை. நாற்றைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சத்தியநேசனுக்குக் கோபம் வந்தது. அவர் கோபத்தில் கத்துகிறவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுதான் அடையாளம். அன்றைக்கு நாலு தடவை துடைத்தார்.

"மூடுன்னு காகிதம் வந்திருக்கு. நீ தெறப்பேன்னு சொல்லிட்டு வந்திருக்க. யார நம்பிச் சொன்ன?"

"அந்த நேரம் வேற சொல்லு வாயில வரல."

"அது அவிய வழக்கம். முடியத் தாண்டினா பயிர் அழிஞ்சிரும்னு நீயும் நம்புதியா?"

"பயிர யாரு நெனச்சா? அந்தக் குட்டி தம்பிக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தா. நீங்க பாத்திருந்தா நீங்களும் அதத்தான் சொல்லியிருப்பிய."

அவர் ஐந்தாவது தடவை கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அனுப்புவதற்கா, அவள் எடுப்பதற்கா என்று சொல்லவில்லை. அவள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு மரக்கால் அரிசி இருந்தது. மறுநாளிலிருந்து அதைத்தான் முந்தானையில் கட்டிக் கொண்டுபோய்க் கொட்டகையில் உலை வைத்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள். தண்ணீரைக் கூட விட்டு, உப்பைப் போட்டு, தேங்காய்ப்பால் இருந்த நாளில் இரண்டு துளி தெளித்து இறக்கினாள். வீட்டில் இரவு அடுப்பு எரியவில்லை. இரண்டாம் நாள் சத்தியநேசன் தனக்கு வயிறு மந்தமாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாளும் மந்தம்தான் என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவருக்கு வயிறு மந்தித்து அவள் பார்த்ததில்லை. அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒருபாட்டம் அழலாம் போல இருந்தது; ஆனால் பார்த்தும் பாராதது போல இருந்துகொண்டாள். நாலாம் நாள் அவர் பாளையங்கோட்டைக்கு ஒரு பதில் எழுதினார். பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டிருப்பதால் சாவியை நடவு முடிந்து அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. மேலிடத்துக்கு அவர் எழுதிய முதல் எதிர்ப்பேச்சு அதுதான்.

கொட்டகையில் தினமும் விடிந்தது. இசக்கிமுத்து விழித்துக்கொண்டு, கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டு, விரட்டி விரட்டிப் பிடிக்கும்படி தவழ்ந்தான். அவன் அழுகிற சத்தம் கூட ஜெபகனிக்கு இனித்தது. கோமு மட்டும் தினமும் பானைக்குள் கையை விட்டாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஜெபகனி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தோள் மட்டும் உள்ளே போயிற்று. விரல் பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கோமு கையை எடுத்தாள். பெரிய மனுஷி மாதிரி ஜெபகனியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாய் வந்ததும் கூடப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி ஜெபகனிக்குத் தூக்கம் இல்லை. கடன் கேட்கிற இடமெல்லாம் கேட்டாயிற்று. விடிந்தால் பொய் சொல்ல முடியாது.

ஆறாம் நாள் காலையில் பெண்கள் பிள்ளைகளோடு வந்தபோது அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள். பணம் சீமையிலிருந்து வரவில்லை, இனி வராது, கொட்டகையை மூடச் சொல்லி அன்றைக்கே காகிதம் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வயலுக்கு வந்தேன், சொல்ல வாய் வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டரிசியும் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு உலை வைக்க ஒன்றும் இல்லை. "உங்களுக்கு ஒரு பொய்யக் குடுத்துட்டு முடியத் தாண்டிட்டேன்" என்று சொல்லும்போது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

"இது எங்களுக்கு நேத்தே தெரியும்மா. கோமு வந்து சொல்லிட்டா, பானையில அடி தட்டிருச்சு, அரிசி உபதேசியாரம்மா முந்தியிலேருந்துதான் வருதுன்னு. ராத்திரி கூடிப் பேசிட்டோம். காலக் கஞ்சிய அவ அவ வீட்டுலேருந்து கலயத்துல கொண்டாந்திருக்கா, பாருங்க. இன்னிக்கு அத ஊத்துங்க. சாயந்தரம் மத்தத வச்சுக்கிடலாம்."

கலயங்களை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். புளித்த கஞ்சி, கேப்பைக் கூழ், ஒன்றில் சோறு இல்லாத வெறும் நீத்தண்ணி. நட்டுத் திரும்புகிறவரை அவர்கள் வயிற்றுக்கு என்ன இருக்கிறது என்று ஜெபகனி யோசித்தாள். யோசித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்தது. மழை வெறித்து, மேற்கே கொஞ்சம் மஞ்சள் வெயில் அடித்தது. மனைவி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியநேசனும் வந்து கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த ஆவுடைத்தாயின் முந்தானை கனத்துத் தொங்கியது.

அந்தப் பக்கத்தில் நடவை ஆள் கூலிக்குப் பேசுவதில்லை. வயலுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று மொத்தமாகப் பேசி, நட்டு முடித்ததும் வரப்பில் கூறு வைத்து, நட்டவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பதினேழு பேர் நட்டிருக்கிறார்கள். ஆவுடைத்தாய் பதினெட்டுக் கூறு வைத்திருக்கிறாள். பூதலிங்கம் பிள்ளை வீட்டுக் காரியஸ்தர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆள் யார் இன்னொன்று என்று கேட்டிருக்கிறார். ஒருத்தி கொட்டகையில் நிற்கிறாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நெல் எங்கள் நெல், பிரிக்கிறது நாங்கள், உமக்கென்ன என்றும் சொன்னதாகப் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நடவு இருக்க மட்டும் தினமும் ஒரு கூறு உங்களுக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "குத்தி அரிசியாக்கிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சுங்க, நீங்களும் குடிங்க. பொறவு களையெடுப்பு வரும், அறுப்பு வரும். வேல இல்லாத நாளு பிள்ளைக எங்க கூடக் கெடக்கும், கொட்டகை எதுக்கு?"

ஜெபகனி வேண்டாம் என்றாள். பதினேழாய்ப் பிரித்தாலே உங்களுக்குப் பற்றாது, அதில் நான் ஒரு பங்கு வாங்குவேனா என்றாள். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெண்களுக்கு அவள் கொடுத்துத்தான் பழக்கம். அவர்கள் கையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூட வாங்கினதில்லை.

சுடலைவடிவு முன்னால் வந்தாள். இடுப்பில் இசக்கிமுத்து முழித்துக்கொண்டு காலை உதைத்தான்.

"தருமம்னு நெனக்காதிய" என்றாள். "நாங்க குனிஞ்சு நடுத நேரம் பூரா நீங்களும் எங்க கூட ஒரு நிரையில நிக்கிய. இவன் கண்ணு முழிச்சிருக்கான்ல? நட்ட கூலிய வேண்டாம்னு யாராச்சும் சொல்லுவாளா?"

ஜெபகனி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துடைக்கவில்லை. கண்ணைத்தான் துடைத்தார்.

அவள் இறங்கி வந்து முந்தானையை நீட்டினாள். நெல் வாங்கிப் பழகாத கை. ஒற்றையாக, தொய்வாகப் பிடித்திருந்தாள். ஆவுடைத்தாய் கொட்டப் போனவள் நிறுத்தினாள்.

"ரெட்டையா மடிச்சுப் பிடிங்கம்மா, நெல்லு சிந்தும்" என்றாள்.